மரணப் பதிவேடும் மாநிலச் சட்டமும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடந்த சில ஆண்டுகளாக மாநிலந்தோறும் இயற்றப்பட்டுவரும் ஒரு வகைச் சட்டத்தையும், அந்நாட்டின் கவுண்டி என்னும் சிறு நிர்வாகப் பிரிவுகளில் எண்ணூறு ஆண்டுப் பழமையைச் சுமந்துகொண்டு இன்றும் நிலைத்திருக்கும் கொரோனர் என்ற மரண விசாரணை உத்தியோகத்தையும் ஒருங்கே எடுத்துப் பேச நான் முற்பட்டபோது, இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிலர் வினவினார்கள். நியாயமான வினாதான். பாலின அடையாளம் குறித்து மைனர்களுக்கு அளிக்கப்படும் சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் சட்டம், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று சொல்கிறது. கொரோனரோ, இறந்துபோனவர் எவ்வாறு இறந்தார் என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். ஆயினும் முன்னதைப் பற்றிய வாதங்கள் சட்டசபையிலும் நியாயஸ்தலத்திலும் பெரும்பாலும் மரணத்தை முன்னிறுத்தியே நடைபெறுகின்றன என்பதையும், அந்த மரணங்களைப் பதிந்துவைக்கும் பொறுப்பு பின்னவரிடமே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே விவகாரத்தின் இரு முனைகளே என்பது புலனாகும்.

சட்டங்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலோடு தம் உள்ளுணர்வு ஒத்துப்போகாத இளம்பிராயத்தினர்க்கு, முதலில் பருவமடைதலைத் தள்ளிவைக்கும் மருந்துகளையும், வயது சற்று முதிர்ந்தபின் டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஈஸ்ட்ரஜன் என்னும் ஹார்மோன்களையும் அளிக்கும் முறை, நெதர்லாந்து மருத்துவர்களால் 1990களில் வகுக்கப்பட்டுப் பின்னர் அமெரிக்காவிலும் பரவியது. அதனைப் பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குத் தடுக்கும் முதற்சட்டத்தை 2021 ஏப்ரலில் ஆர்கன்ஸா மாநிலம் இயற்றிற்று; ஆளுநர் ஆசா ஹட்சின்சன், மசோதாவை அனுப்பியது தம் சொந்தக் கட்சி ஆதிக்கம் செலுத்தும் சபையேயாயினும், அதற்கு ஒப்பமிட மறுத்தார்; மறுநாளே சபையார் அவர் மறுப்பைத் தள்ளிவிட்டு அதனைச் சட்டமாக்கினர். அடுத்த ஆண்டு அலபாமா, இச்சிகிச்சையை அளிக்கும் மருத்துவருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்று எழுதியது. 2023ஆம் ஆண்டில் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வழியைப் பின்பற்றின. இன்று இத்தகைய சட்டமுடைய மாநிலங்கள் 20க்கும் மேற்பட்டவை. டென்னஸீ மாநிலச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் 2025 ஜூன் 18ஆம் நாள் உச்சநீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அச்சட்டம் பால் அடிப்படையில் மக்களைப் பாகுபடுத்தவில்லை, வயதையும் மருந்தின் பயனையும் பொறுத்தே வகைப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தது. காலத்துக்கு முந்திப் பருவமடையும் பிள்ளைக்கு அதே மருந்தைக் கொடுக்க டென்னஸீயில் தடையில்லை.

ஒஹாயோவில் நடந்ததைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அங்கே 2023 டிசம்பர் 29ஆம் நாள், ஆளுநர் மைக் டிவைன் இத்தகைய மசோதாவை நிராகரித்தார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அவர், தீர்மானத்துக்கு வருமுன் மருத்துவமனைகளுக்குச் சென்று பெற்றோர்களோடும் மருத்துவர்களோடும் பேசியதாகச் சொல்லி, இந்தச் சிகிச்சை கிடைத்திராவிட்டால் தங்கள் பிள்ளை இன்று உயிரோடு இருந்திராது என்று பெற்றோர் பலர் தம்மிடம் கூறியதைக் காரணமாகக் காட்டினார். சட்டசபையார் அதை ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் இரு சபைகளும் அவருடைய மறுப்பைத் தள்ளின. பின்னர் வழக்குகள், தடையாணைகள், மேல்முறையீடுகள் என்று நீண்டு, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று மருந்துகளைத் தடைசெய்யும் பகுதியைச் செல்லாதென்று கூற, மாநில உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இவ்வழக்குகளின் விவரங்களைவிட என் கவனத்தைக் கவர்ந்தது ஆளுநரின் அந்த ஒரு வாக்கியமே. அவர் பிரஸ்தாபித்தவை நிகழாத மரணங்கள். அவற்றை எண்ணுதல் எவராலும் இயலாது. நிகழ்ந்த மரணங்களையாவது எண்ணியிருக்கிறோமா என்று எவரேனும் எதிர்க்கேள்வி கேட்டிருந்தால், ஒஹாயோவின் 88 கவுண்டிகளிலும் அதற்கு விடை சொல்லக்கூடிய ஏடு ஒன்றும் இல்லை.

இதே கேள்வி நாட்டின் உச்சநீதிமன்றத்திலும் எழுந்தது. 2024 டிசம்பர் 4ஆம் நாள் டென்னஸீ வழக்கு வாதத்துக்கு வந்தபோது, அந்நீதிமன்றத்தில் வழக்காடிய முதல் திருநர் வழக்கறிஞர் என்று அறியப்படும் சேஸ் ஸ்ட்ராஞ்சியோவைப் பார்த்து நீதிபதி சாமுவேல் அலிட்டோ, இங்கிலாந்தில் மைனர்களின் பாலினச் சிகிச்சை குறித்து மருத்துவர் ஹிலாரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கையை எடுத்துக்காட்டி, இச்சிகிச்சை தற்கொலையைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டா என்று வினவினார். தற்கொலையில் முடிந்த மரணங்கள், நல்லவேளையாக, அரிதானவையே என்றும், ஆராயப்பட்ட இளைஞர்களின் தொகை மிகச் சிறிதாகையால் அவ்வாய்வுகளில் அத்தகைய மரணங்கள் இல்லாதிருப்பதும் உண்டென்றும், எனினும் தற்கொலை எண்ணமும் முயற்சியும் குறைவதைக் காட்டும் ஆய்வுகள் உள்ளன என்றும் வழக்கறிஞர் விடையளித்தார். இரு தரப்பினரும் இந்த உரையாடலைத் தத்தமக்குச் சாதகமாகப் பின்னர் மேற்கோள் காட்டினர். நான் அதில் கண்டது வேறொன்று: உயிருள்ளவரிடம் வினாத்தாள் கொடுத்துப் பெற்ற விடைகளையே நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சான்றாக நோக்க வேண்டியிருந்தது, இறந்தோரைப் பற்றிய கணக்கு எத்தரப்பினரிடமும் இல்லை.

கணக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அந்நாட்டில் இத்தகைய பிள்ளைகள் நெடுங்காலம் லண்டனின் டாவிஸ்டாக் என்னும் ஒரே அரசாங்க மருத்துவ நிலையத்துக்கே அனுப்பப்பட்டார்கள். 2020இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் மருந்து வழங்குதல் கட்டுப்படுத்தப்பட்டபின், தற்கொலைகள் பெருகிவிட்டன என்ற செய்தி பரவியது. தற்கொலைத் தடுப்பில் அரசாங்கத்துக்கு ஆலோசகரான பேராசிரியர் லூயிஸ் ஆப்பில்பி அதனை ஆராய்ந்து 2024 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், அந்நிலையத்தின் நோயாளிகளிடையே ஆறு ஆண்டுகளில் நிகழ்ந்த 12 தற்கொலைகளுள் தீர்ப்புக்கு முந்திய மூன்றாண்டுகளைச் சார்ந்தவை 5, பிந்திய மூன்றாண்டுகளைச் சார்ந்தவை 7 என்றும், பெருக்கம் என்ற கூற்றை இவ்வெண்கள் தாங்கவில்லை என்றும் எழுதினார். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையேயுள்ள வேற்றுமையிலிருந்து மருந்து நல்லது என்றோ தீயது என்றோ எவரும் முடிவு கட்ட முடியாது. ஆயினும் வதந்தியைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. ஒரே நிலையம், ஒரே ஏடு என்ற அமைப்பு இருந்ததால் அங்கே அது கைகூடிற்று. மருத்துவமனைகள் சிதறிக் கிடக்கும், மரணத்தைப் பதியும் அலுவலகங்கள் ஏறத்தாழ 2,000 என்று சொல்லப்படும் அமெரிக்காவில் அது எப்படிக் கைகூடும்?

இனி அந்த அலுவலகங்களின் பக்கம் திரும்புவோம். 1194ஆம் ஆண்டு, முதலாம் ரிச்சர்டு மன்னனின் ஆட்சியில், சுற்று நீதிபதிகளுக்கு வழங்கப்பட்ட கட்டளைகளுள் ஒன்றாக, ஒவ்வொரு கவுண்டியிலும் மூன்று வீரப்பிரபுக்களும் ஓர் எழுத்தரும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவர்களே கொரோனர்களின் முன்னோர். திடீர் மரணங்களை அவர்கள் விசாரித்தது இறந்தவர்பால் கொண்ட இரக்கத்தினால் அன்று. மன்னனுக்குச் சேர வேண்டிய பொருள் மறைந்துபோகாமல் காப்பதே அவர்கள் கடமை. ஒருவன் மேல் வண்டி ஏறி அவன் இறந்தால் அந்த வண்டியின் மதிப்பு அரசனுக்கு உரியது. ஒருவன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்று தீர்மானிக்கப்பட்டால் அவனுடைய அசையும் பொருளெல்லாம் அரசனுக்கு உரியன. ஆகவே தற்கொலையைத் தற்கொலை என்று எழுதாமல் விடும்படி குடும்பத்தார் மன்றாடுவதும், ஊரார் கூடிய ஜூரிகள் புத்தி பேதலித்த நிலை என்றோ விபத்து என்றோ சொல்லி அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுவதும் இவ்வுத்தியோகத்தின் வரலாறு முழுவதும் தொடர்ந்தன. அந்தப் பறிமுதல் விதியை இங்கிலாந்து 1870இல்தான் ஒழித்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்னும் மூன்று இராஜதானி நகரங்களின் கொரோனர்களுக்காக இந்தியாவில் ஒரு சட்டம் பிறந்ததை நம் சட்ட மாணவர்கள் அறிந்திருப்பார்கள்.

குடியேறியவர்களோடு அமெரிக்கா சென்ற இவ்வுத்தியோகம், தேர்தலில் வாக்குப் பெற்றுப் பதவிக்கு வரும் பழக்கத்தையும் தன்னோடு கொண்டு சென்றது. மாஸசூசெட்ஸ் 1877இல் அதனை ஒழித்து மருத்துவப் பரிசோதகரை நியமித்தது. நியூயார்க் நகரம், ஊழல் நிறைந்த தன் கொரோனர்களை நீக்கி, 1918இல் சார்லஸ் நாரிஸ் என்னும் மருத்துவரைத் தலைமைப் பரிசோதகராக அமர்த்திற்று. இவ்வுத்தியோகம் காலத்துக்கு ஒவ்வாதது, ஒழிக்கத் தக்கது என்று தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1928இல் எழுதிய அறிக்கையை, 2009இல் தேசிய விஞ்ஞானப் பேரவையின் குழு ஏறக்குறைய அதே கருத்தோடு மீண்டும் எழுத நேர்ந்தது. இரண்டுக்கும் இடையே எண்பத்தோர் ஆண்டுகள்.

மாநிலத்துக்கு மாநிலம் இவ்வுத்தியோகம் கொண்டிருக்கும் கோலம் விசித்திரமானது. ஒஹாயோவில் கொரோனர் மருத்துவராக இருத்தல் வேண்டும். பக்கத்திலுள்ள இண்டியானாவில் வேண்டியதில்லை. அதே இண்டியானாவில், ஷெரீப்பைக் கைதுசெய்யும் அதிகாரம் கொரோனருக்கு உண்டு என்ற பழைய விதி இன்னும் ஏட்டில் இருக்கிறது. பிணத்தை ஆராயும் பயிற்சி கட்டாயமாக்கப்படுவதற்கு முன்னரே ஷெரீப்பைப் பிடிக்கும் உரிமை கிடைத்துவிட்டதை எண்ணிச் சிரிப்பவர் சிரிக்கலாம். நெப்ராஸ்காவிலோ தனி கொரோனரே இல்லை. கவுண்டியின் அரசாங்க வழக்கறிஞரே பதவி வழியாகக் கொரோனரும் ஆகிறார். குற்றம் சாட்டுபவரும் மரண காரணத்தைத் தீர்மானிப்பவரும் ஒரே ஆள். அந்த நெப்ராஸ்கா, 2023 மே மாதத்தில், சபை உறுப்பினர் மச்சேலா கேவனாவின் வாரக்கணக்கான எதிர்ப்புரைகளுக்குப் பின்னர், பன்னிரண்டு வாரத்துக்கு மேற்பட்ட கருக்கலைப்பைத் தடைசெய்யும் விதியோடு பிணைத்து, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர்க்கான சிகிச்சைக் கட்டுப்பாட்டையும் சட்டமாக்கியது. மருந்து பெறுவதற்கு முன் 40 மணி நேர மனநல ஆலோசனை வேண்டும் என்றும், மருத்துவர் எழுதிக்கொடுத்தபின் ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்றும் மாநிலத் தலைமை மருத்துவ அதிகாரி விதி வகுத்தார். ஐடஹோவின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உயிருள்ள பிள்ளைக்கு ஹார்மோன் கொடுத்த மருத்துவர் பத்தாண்டு வரை சிறையில் இருக்க நேரலாம்; அந்தப் பிள்ளை இறந்துபட்டால் அதன் மரண காரணத்தைத் தீர்மானிக்க அம்மாநிலத்தின் 44 கவுண்டிகளிலும் தேர்தலில் வென்ற ஒருவர் போதும், அவர் மருத்துவம் அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உயிர் இருக்கும்வரை மருத்துவ நுட்பத்தில் இத்துணை சிரத்தை காட்டும் சட்டம், உயிர் போனபின் அந்தச் சிரத்தையை முற்றிலும் கைவிட்டுவிடுவது ஏன் என்று அச்சபையாரைக் கேட்க எனக்கு ஆசை உண்டு.

மரணச் சான்றிதழின் படிவத்தைப் பார்ப்போம். இறந்தவரின் பால் என்று ஓர் இடம் இருக்கிறது. இறப்பின் வகை என்று மற்றோர் இடம் இருக்கிறது. அதில் இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க இயலாதது, விசாரணையில் உள்ளது என்பவற்றுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். இறந்தவர் தம்மை யாராகக் கருதி வாழ்ந்தார் என்பதற்குத் தனி இடம் இல்லை. கலிபோர்னியா இதில் முன்னே நடந்தது. 2012இல் இறந்த கிறிஸ்டோபர் லீ என்னும் திரைப்படக் கலைஞர் ஆணாகவே வாழ்ந்து, ஆண் என்று குறித்த அரசாங்க அடையாளச் சீட்டும் வைத்திருந்தும், அவருடைய சான்றிதழில் பெண் என்று எழுதப்பட்டது. அவர் நண்பர்கள் எழுப்பிய முறையீட்டின் விளைவாக, டோனி அட்கின்ஸ் கொணர்ந்த சட்டம் 2014இல் நிறைவேறி 2015 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. சான்றிதழைப் பூர்த்தி செய்பவர் இறந்தவரின் பாலின அடையாளத்தையே குறிக்க வேண்டும் என்றும், கருத்து வேற்றுமை எழுமாயின் ஓட்டுநர் உரிமம், நீதிமன்ற ஆணை, கடவுச்சீட்டு, பால்மாற்றச் சிகிச்சை பெற்றதற்கான மருத்துவச் சான்று முதலியவற்றுள் ஒன்றைக் காட்டினால் அதுவே மேலோங்கும் என்றும் அது கூறுகிறது.

இந்தப் பட்டியலைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் பொருட்டுப் படித்துப் பாருங்கள். அந்த வயதில் ஓட்டுநர் உரிமம் இல்லை. பெற்றோரின் துணையின்றி நீதிமன்ற ஆணையோ கடவுச்சீட்டோ கிடைப்பது கடினம். பெரும்பாலும் எஞ்சியிருப்பது மருத்துவச் சான்று ஒன்றே. கலிபோர்னியாவில் அது இருக்கக்கூடும். சிகிச்சையையே தடைசெய்த மாநிலத்தில் அச்சான்று தோன்றுவதற்கு வழியே இல்லை. ஆக, சிகிச்சைத் தடை உயிருள்ளோரின் மருந்தை மட்டும் நிறுத்துவதில்லை. இறந்தபின் ஒருவர் இன்னார் என்று காட்டக்கூடிய ஏட்டையும் பிறவாமலே தடுத்துவிடுகிறது. தடையை நியாயப்படுத்துவோரும் எதிர்ப்போரும் பின்னொரு நாளில் அதன் விளைவை அறிய விரும்பினால், அவர்களுக்கு வேண்டிய சான்றைத் தடையே அழித்துவிட்டிருக்கும்.

கான்ஸாஸ் மாநிலம் இதனை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்றது. 2023இல் ஆளுநர் லோரா கெல்லியின் மறுப்பைத் தள்ளி அம்மாநிலம் இயற்றிய சட்டம், பொதுச் சுகாதாரம், குற்றம், பொருளாதாரம் முதலிய துறைகளில் புள்ளிவிவரம் சேகரிக்கும் அரசாங்க அலுவலகங்கள் ஒவ்வொருவரையும் பிறப்பில் ஆண் அல்லது பெண் என்றே குறிக்க வேண்டும் என்று விதித்தது. 2025 பிப்ரவரியில் அதே ஆளுநரின் மறுப்பைத் தள்ளி, மைனர்களின் சிகிச்சையையும் அம்மாநிலம் தடைசெய்தது. முதலில் எண்ணும் வழியைக் குறுக்கிவிட்டு, எண்ண வேண்டிய நிகழ்ச்சியை இரண்டாவதாகத் தொடங்கிவைத்த இந்த வரிசையை நான் தற்செயல் என்றே கொள்கிறேன்; திட்டமிட்டதென்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் விளைவு ஒன்றேதான். மைனர்களுக்குத் தடை வேண்டும் என்று மனச்சாட்சிப்படி நம்பும் சட்டசபை உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள்; மருத்துவச் சான்றுகள் வலுவற்றவை என்ற காஸ் அறிக்கையின் முடிவு அவர்களுக்கு ஆதரவாகவும் இருக்கிறது. அவர்களுடைய நம்பிக்கையை நான் குறை கூறவில்லை. சான்று போதாது என்பதை அடிப்படையாகக் கொண்டு தடைவிதிப்பவர், சான்று தேடும் வழியைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர் என்பதே என் அபிப்பிராயம். அவ்வாறே, தடையினால் பிள்ளைகள் சாகின்றார்கள் என்று மேடையில் முழங்குவோரும், டாவிஸ்டாக் எண்களைப் போன்ற கணக்கொன்று தமக்குப் பாதகமாக வந்துவிடுமோ என்று அஞ்சி எண்ணுதலைத் தள்ளிப்போடலாகாது.

வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. கொலை, தற்கொலை முதலிய வன்மரணங்களைக் குறித்து, சான்றிதழையும் போலீஸ் அறிக்கையையும் கொரோனர் அறிக்கையையும் ஒன்றுசேர்த்து, பெயர் நீக்கித் தொகுக்கும் தேசிய ஏற்பாடு ஒன்று 2002இல் தொடங்கி, 2018இல் ஐம்பது மாநிலங்களையும் தழுவியது. இறந்தவர் திருநரா என்று குறிக்க அதில் இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் கொரோனர் கேட்டு எழுதியிருந்தால்தானே தொகுப்பவர் அந்த இடத்தை நிரப்ப முடியும்? கேட்கக் கற்பிப்பதற்காகவே கலிபோர்னியா 2021இல் ஒரு சட்டம் இயற்றி, சில கவுண்டிகளின் கொரோனர்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சித் திட்டம் வகுத்தது. மத்திய அரசாங்கமோ, 2025 ஜனவரி 20ஆம் நாள் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையால், பால் என்பதற்கு ஆண், பெண் என்ற இரண்டு மட்டுமே என்று வகுத்து, கணக்கெடுப்புகளிலிருந்து பாலின அடையாள வினாக்களை நீக்கத் தொடங்கியது.

கேட்பது எளிது என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அன்று மாலையே சென்று, உங்கள் மகன் தன்னை மகளாக எண்ணினானா என்று கேட்பது எத்தகைய செயல்! அந்தத் தாய் அதனை அறிந்திராமலே இருக்கலாம். பிள்ளை மறைத்து வைத்திருந்ததைப் பிணத்தின் அருகில் நின்று வெளிப்படுத்த எவருக்கு உரிமை? தேர்தலில் வந்த கொரோனர் அதே ஊரினர், அதே தேவாலயத்துக்குச் செல்பவர், நான்காண்டில் மீண்டும் வாக்குக் கேட்டு அதே வாசலில் நிற்க வேண்டியவர். பறிமுதலுக்கு அஞ்சிய பழைய ஆங்கிலக் குடும்பத்தைப் போலவே, பழிக்கு அஞ்சும் குடும்பம் அவரிடம் சிலவற்றை எழுதாதிருக்கும்படி கேட்கும், அவரும் இணங்குவார். ஒஹாயோ முதலிய மாநிலங்களில் கொரோனரின் ஏடுகளுட் பல பொதுமக்கள் பார்வைக்கு உரியவை என்பதால், எழுதப்பட்டது பத்திரிகையில் வருவதும் அரிதன்று.

ஆதலின் சான்றிதழில் இதற்கென ஓர் இடம் சேர்க்க வேண்டும் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. வேறோர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 1978இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில், குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் டர்ஃபியின் முயற்சியால், கொரோனரும் போலீஸாரும் மருத்துவரும் குழந்தைநல அலுவலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து இறந்த குழந்தைகளைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குழு ஒன்று தோன்றியது. பெற்றோரின் கொடுமையால் இறந்த சிசுக்களை விபத்து என்று எழுதிவிடும் பிழையைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். அம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. குழுவின் பேச்சு பொதுவாகச் சட்டப்படி இரகசியமானது; பெயர் வெளிவராது; மரணம் நிகழ்ந்து மாதங்கள் கழிந்தபின் கூடுவதால், தாயிடம் அன்று மாலையே கேட்க வேண்டியதில்லை; பள்ளி ஆசிரியரும் மனநல ஆலோசகரும் தாம் அறிந்ததை அங்கே சொல்லலாம். இப்பிள்ளை எந்த மாநிலத்திலிருந்து எந்த மாநிலத்துக்குச் சிகிச்சை நாடிச் சென்றது, சிகிச்சை எப்போது தொடங்கிற்று அல்லது எப்போது நின்றது, நின்றதற்குக் காரணம் சட்டமா வேறா என்னும் மூன்று வினாக்களை அக்குழுக்களின் படிவத்தில் சேர்ப்பதற்குப் புதிய உத்தியோகமோ பெரும் செலவோ வேண்டியதில்லை. ஒஹாயோவின் சட்டசபையே நினைத்தால் ஒரு கூட்டத் தொடரில் செய்துவிடக்கூடிய திருத்தம் அது. செய்தால், தடையை ஆதரித்து வாக்களித்தவர்களும் எதிர்த்து வாக்களித்தவர்களும் அதே படிவத்தின் விடைகளைப் படிக்க வேண்டியவராவார்கள்.